0.39 கிகாஹெர்ட்ஸில் சிக்கிய லேப்டாப்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

நேற்றுவரை நன்றாக ஓடிய லேப்டாப், இன்று பிரவுசரைத் திறக்கவே அரை நிமிடம் எடுக்கிறது. மவுஸ் அம்பு தத்தித் தத்தி நகர்கிறது. இந்த நிலையில் பெரும்பாலோர் முதலில் விண்டோஸை ஃபார்மட் அடிக்கிறார்கள். அதிலும் சரியாகாவிட்டால் ராம் கூட்டுகிறார்கள், எஸ்எஸ்டி மாற்றுகிறார்கள். ப்ராசசரின் வேகமே பூட்டப்பட்டிருந்தால் இந்த மூன்றும் வீண் செலவு. புதிதாகப் போட்ட விண்டோஸும் அதே 0.39 கிகாஹெர்ட்ஸில்தான் தவழும்.

ப்ராசசர் மனம்போன போக்கில் மெதுவாவதில்லை. யாரோ குறைக்கச் சொன்னால்தான் குறைக்கும். சொல்வது விண்டோஸின் பவர் அமைப்பாக இருக்கலாம், விண்டோஸுக்கு முன்பே ஓடத் தொடங்கும் பயாஸாக இருக்கலாம். சார்ஜர், பேட்டரி, ஃபேன் மூன்றையும் மேய்க்கும் இசி என்ற சிறு சிப் மதர்போர்டில் இருக்கிறதே, அதுவாகவும் இருக்கலாம். சூடு தாங்காமல் ப்ராசசரே குறைத்துக்கொள்வதும் உண்டு. எந்த எண்ணில் வந்து நிற்கிறது, எப்போது நிற்கிறது என்று பார்த்தாலே கட்டளை எங்கிருந்து வருகிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஸ்க்ரூடிரைவரை எடுப்பது அதற்குப் பிறகு.

முதலில் அளந்து பாருங்கள்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு. அங்கே இரண்டு எண்கள் முக்கியம்: இப்போதைய வேகம், பேஸ் ஸ்பீட் என்ற அடிப்படை வேகம். வேலையில்லாத நேரத்தில் வேகம் 1 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்குவது கோளாறு அல்ல, மின்சாரம் மிச்சம் பிடிக்கும் வழக்கமான நடத்தை. ஆகவே சுமை ஏற்றித்தான் பார்க்க வேண்டும். 7-ஜிப் இருந்தால் அதன் டூல்ஸ் மெனுவில் பெஞ்ச்மார்க் இருக்கிறது. அதை ஓட விடுங்கள்.

கூடவே எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை சென்சார்ஸ் ஒன்லி முறையில் திறந்து வையுங்கள். சுமை தொடங்கிய 5-வது நொடியில் என்ன வேகம், 60-வது நொடியில் என்ன வேகம், ப்ராசசர் வெப்பம் எத்தனை டிகிரி, சிபியு பேக்கேஜ் பவர் எத்தனை வாட் என்று நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எல்லாமே இந்த நான்கு எண்களை நம்பித்தான்.

இன்னொரு சாட்சியும் உண்டு. ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போய், கெர்னல்-ப்ராசசர்-பவர் என்ற மூலத்திலிருந்து 37 என்ற எண்ணோடு பதிவுகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். 'ப்ராசசரின் வேகத்தை சிஸ்டம் ஃபர்ம்வேர் கட்டுப்படுத்துகிறது, இத்தனை நொடிகளாக இந்த நிலை' என்பதே அந்தப் பதிவின் சாரம். எப்போதாவது ஒன்றிரண்டு வந்திருந்தால் கவலை வேண்டாம். ஒவ்வொரு கோருக்கும் ஒன்றாக, திரும்பத் திரும்ப, நொடிக் கணக்கு ஏறிக்கொண்டே வந்திருந்தால் கட்டளை விண்டோஸிலிருந்து வரவில்லை, பயாஸ் அல்லது இசி பக்கமிருந்து வருகிறது. ஃபார்மட் அடிக்கும் யோசனையை அந்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

அறிகுறி: எவ்வளவு சுமை கொடுத்தாலும் 0.39, 0.40 அல்லது 0.79, ப்ராசசர் குளிர்ச்சியாக இருக்கிறது

இன்டெல் ப்ராசசரில் அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ். அதை ஒரு பெருக்கியால் பெருக்கி வருவதுதான் வேகம். அந்தக் கடிகாரம் நடைமுறையில் 99.8 அளவில் ஓடுவதால், பெருக்கி 4 ஆனால் 399 மெகாஹெர்ட்ஸ், அதாவது டாஸ்க் மேனேஜரில் 0.39 அல்லது 0.40. பெருக்கி 8 ஆனால் 0.79. அந்தச் சிப் போகக்கூடிய அடிமட்டப் படிகள் இவை. 45 டிகிரி வெப்பத்தில், நூறு சதவீதச் சுமையில், ப்ராசசர் அடிமட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது என்றால் அநேகமாக பிடி ப்ராக்ஹாட் என்ற கம்பி இழுக்கப்பட்டிருக்கிறது.

ப்ராக்ஹாட் என்பது ப்ராசசரின் ஒரு கால், அதாவது மதர்போர்டோடு இணையும் ஒரு முனை. 'எனக்குச் சூடாகிவிட்டது' என்று ப்ராசசர் வெளியே சொல்வதற்கு வைத்தது. பிடி என்ற முன்னொட்டு சேர்ந்தால் இருவழி: வெளியே இருப்பவரும் அதே கம்பியை இழுத்து 'குறை' என்று ப்ராசசருக்குச் சொல்லலாம். இழுத்துவிட்டால், உள்ளே 40 டிகிரிதான் இருந்தாலும், ப்ராசசர் கேள்வி கேட்காமல் அடிமட்டப் படிக்குப் போய்விடும். இழுக்கக்கூடியவர்கள் மூன்று பேர்: இசி, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஐசி, ப்ராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் விஆர்எம் பகுதி. நடைமுறையில் அதிகம் பிடிபடும் காரணம் சார்ஜர். அடுத்து பேட்டரி.

இந்த வரிசையில் சோதியுங்கள்:

1. பேட்டரி 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது, சுமை ஓடிக்கொண்டிருக்கையில் சார்ஜரைப் பிடுங்குங்கள். 10 நொடிக்குள் வேகம் 2, 3 கிகாஹெர்ட்ஸுக்கு ஏறினால் குற்றவாளி சார்ஜர், சார்ஜரின் செருகுமுனை (பின்) அல்லது லேப்டாப்பின் ஜாக்.
2. சார்ஜரில் நன்றாக ஓடி, பேட்டரிக்கு மாறியதும் விழுந்தால் பேட்டரி.
3. இரண்டிலும் ஒரே 0.39 என்றால் இசி குழம்பியிருக்கிறது, அல்லது ஏதோ ஒரு சென்சார் பொய் சொல்கிறது.

பேட்டரியைக் கழற்றிவிட்டு சார்ஜரில் மட்டும் ஓட்டிப் பார்ப்பது நல்ல சோதனை போலத் தோன்றும். ஆனால் பல மாடல்கள் பேட்டரி இல்லாவிட்டால் வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்கும். பழைய மேக்புக்குகளில் இது எழுதப்பட்ட விதியே. ஆகவே பேட்டரி இல்லாதபோது மெதுவாக ஓடினால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். வேகமாக ஓடினால் மட்டும் அது தகவல்: பேட்டரிதான் கம்பியை இழுக்க வைத்திருக்கிறது.

சார்ஜர் என்றால்

டெல் சார்ஜரின் உருளைப் பின்னில் நடுவே ஊசி போல் ஒன்று இருக்கிறதல்லவா, அது மின்சாரம் கொண்டுபோவதற்கு அல்ல. சார்ஜருக்குள் ஒரு சிறு நினைவகச் சிப் இருக்கிறது. 'நான் இத்தனை வாட், இத்தனை வோல்ட்' என்று அந்த ஊசி வழியாக லேப்டாப்பிடம் சொல்கிறது. எச்பி சார்ஜர்களிலும் நடு ஊசி இதே மாதிரி அடையாள வேலைக்குத்தான். லெனோவோவின் செவ்வகப் பின்னில் ஒரு ரெசிஸ்டரின் மதிப்பு வாட்டைச் சொல்கிறது. இந்தத் தகவல் வராவிட்டால், 19.5 வோல்ட் சரியாக வந்துகொண்டிருந்தாலும், லேப்டாப்புக்குச் சார்ஜரின் பலம் தெரியாது. எதற்கு வம்பு என்று மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும். டெல்லில் பேட்டரி சார்ஜ் ஏறுவதும் நின்றுவிடும்.

ஆகவே மெதுவான டெல் லேப்டாப்பில் 'பிளக்டு இன், நாட் சார்ஜிங்' என்றும் சேர்ந்து தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆன் செய்யும்போது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் பேட்டரி தகவல் பக்கத்தைப் பாருங்கள். ஏசி அடாப்டர் என்ற இடத்தில் 65 வாட், 90 வாட் என்று எண் இருக்க வேண்டும். 'அன்நோன்' என்றோ, ஒன்றுமில்லை என்றோ இருந்தால் அடையாளம் போய்விட்டது.

ஊசிக்குப் போகும் ஒயர் மற்ற இரண்டையும்விட மெலிது. சார்ஜர் ஒயர் பின்னோடு சேரும் கழுத்தில் மடங்கி மடங்கி அதுதான் முதலில் அறுகிறது. கழுத்தைப் பிடித்து மெல்ல அசைக்கும்போது வேகம் ஏறி இறங்கினால் அதுவே. ஊசி வளைந்திருந்தால் ஜாக்குக்குள் சரியாக உட்காராது; டார்ச் அடித்து இரண்டு பக்கமும் பாருங்கள். மல்டிமீட்டரில் 19.5 வோல்ட் வருகிறது, சார்ஜர் நன்றாக இருக்கிறது என்று கடையில் சொன்னால் அந்தச் சோதனை போதாது. வோல்ட் வேறு, அடையாளம் வேறு.

வேறொரு ஒரிஜினல் சார்ஜரைக் கடன் வாங்கிப் போட்டுப் பார்ப்பதே தீர்ப்பு. அதே வோல்ட், அதே அல்லது அதிக வாட் இருக்க வேண்டும். 19.5 வோல்ட்டில் 65 வாட் என்றால் 3.34 ஆம்பியர், 90 வாட் என்றால் 4.62, 130 வாட் என்றால் 6.67. அதிக வாட் சார்ஜரால் கெடுதல் இல்லை. லேப்டாப் தனக்குத் தேவையானதைத்தான் இழுக்கும். 130 வாட் கேட்கும் லேப்டாப்பில் வீட்டில் கிடந்த 65 வாட் சார்ஜரைச் செருகினால், எதுவும் பழுதாகாமலேயே மெதுவாக ஓடும். கம்பாட்டிபிள் என்று விற்கும் மலிவு சார்ஜர்கள் பலவற்றில் அடையாளச் சிப் இல்லை, அல்லது சில மாதங்களில் செத்துவிடுகிறது. புதுச் சார்ஜர் வாங்கிய அன்றிலிருந்து மெதுவானது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

நல்ல சார்ஜரும் அடையாளம் தெரியவில்லை என்றால் ஜாக். நிறைய மாடல்களில் ஜாக் ஒரு சிறு ஒயரோடு தனிப் பாகமாக வரும். நாலைந்து ஸ்க்ரூ கழற்றி மாற்றிவிடலாம். போர்டோடு சேர்த்துச் சால்டர் செய்த ஜாக் என்றால் சர்வீஸ் கடைதான்.

டைப்-சி சார்ஜரில் வேறு வகைத் தொல்லை. 5, 9, 15, 20 வோல்ட் என்று சார்ஜரும் லேப்டாப்பும் பேசி முடிவு செய்கின்றன. சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர்தான் தாங்கும், அதாவது 20 வோல்ட்டில் 60 வாட். 100 வாட் சார்ஜர் வாங்கி, பழைய போன் கேபிளைச் செருகினால் கிடைப்பது 60-தான். அதற்கு மேல் போக உள்ளே அடையாளச் சிப் வைத்த 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். இரண்டு மூன்று போர்ட் உள்ள சார்ஜர்களில் இன்னொரு போர்ட்டில் போனைச் செருகியதும் மின்சாரம் பங்கு பிரியும். லேப்டாப்புக்கு 65 வாட் போய்க்கொண்டிருந்தது 45 ஆகும். 'சில நேரம் மட்டும் மெதுவாகிறது' என்ற புகாருக்கு இந்தப் போன் காரணமாக இருப்பதை யாரும் சந்தேகிப்பதில்லை. போன் சார்ஜர்களின் பெட்டியில் 67 வாட் என்று போட்டிருந்தாலும் அது அந்தக் கம்பெனியின் சொந்த முறையில்தான். லேப்டாப்போடு பேசும்போது அதில் பாதிகூட வராமல் போகலாம்.

பேட்டரி என்றால்

சுமை திடீரென எகிறும் நொடிகளில் சார்ஜரால் முடியாததைப் பேட்டரிதான் ஈடுகட்டுகிறது. செல்கள் தளர்ந்துவிட்டால் அந்த நொடியில் வோல்ட் சரியும்; லேப்டாப் அணைந்துவிடாமல் இருக்க சார்ஜிங் ஐசி ப்ராக்ஹாட் கம்பியை இழுக்கும். எச்டபிள்யூஇன்ஃபோவில் பேட்டரி பகுதியில் வேர் லெவல் பாருங்கள். 50 சதவீதத்துக்கு மேல் தேய்ந்திருந்தால் பேட்டரியை மாற்றிவிட்டு மேலே பேசலாம். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, அடிமூடி பொருந்தவில்லை என்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. அன்றோடு அதைச் சார்ஜ் செய்வதை நிறுத்துங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுக்க முயலாதீர்கள்.

இரண்டிலும் 0.39 என்றால்: இசியை மறக்கச் செய்யுங்கள்

இசிக்கு எப்போதும் மின்சாரம் உண்டு. ஷட்டவுன் செய்தாலும் அது தூங்குவதில்லை. ஏதோ ஒரு நொடியில் தவறான தகவல் வந்து கம்பியை இழுத்தது, பிறகு விட மறந்துவிட்டது என்பது அடிக்கடி நடக்கும். ரீஸ்டார்ட் இதைச் சரிசெய்யாது.

ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள். இது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைத் தாண்டி முழுதாக அணைக்கும். சார்ஜர், யுஎஸ்பி, மானிட்டர் ஒயர் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். பேட்டரி கழற்றக்கூடியது என்றால் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் பேட்டரி என்றால் அடிமூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரை மட்டும் எடுத்தால் போதும். பவர் பட்டனை 30 நொடி முழுதாக அழுத்திப் பிடியுங்கள். 10 நொடியில் விட்டுவிட்டு 'செய்தேன், ஆகவில்லை' என்று சொல்பவர்கள் நிறைய. பிறகு பேட்டரியைப் பொருத்தி, சார்ஜரைச் செருகி ஆன் செய்யுங்கள்.

திங்க்பேட் வைத்திருப்பவர்கள் மூடியைத் திறக்க வேண்டியதில்லை. பல மாடல்களில் அடிப்பகுதியில் ஊசித்துளை ஒன்று இருக்கும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, நிமிர்த்திய பேப்பர் கிளிப்பால் சில நொடி அழுத்தினால் அதே வேலை. பயாஸில் கான்ஃபிக், பவர் பகுதியில் 'டிஸேபிள் பில்ட்-இன் பேட்டரி' என்ற தேர்வும் அதற்குத்தான்.

இதில் சரியாகி, வாரம் கழித்து மறுபடி வந்தால் பயாஸைப் புதுப்பியுங்கள். லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில், உங்கள் மாடல் எண்ணுக்கு உரியதை மட்டும். ஒரு சிக்கல்: டெல்லில் சார்ஜர் அடையாளம் தெரியாமலோ பேட்டரி 10 சதவீதத்துக்குக் கீழோ இருந்தால் பயாஸ் புதுப்பிப்பு ஓட மறுக்கும். ஆகவே சார்ஜர் பிரச்சினையை முதலில் முடித்துவிட்டுத்தான் பயாஸுக்கு வர வேண்டும்.

இது ஏதோ மலிவு லேப்டாப்புகளின் வியாதி என்று எண்ண வேண்டாம். 2009-ல் டெல் லாட்டிடியூட் இ6500 வரிசை தேவையில்லாமல் வேகத்தைக் குறைப்பதாகப் பெரிய சர்ச்சை எழுந்து, பயாஸ் புதுப்பிப்பு வந்தது. 2018 ஜூலையில் அப்போதைய புது மேக்புக் ப்ரோ சுமையில் வேகம் இழந்ததற்கு ஃபர்ம்வேரில் ஒரு டிஜிட்டல் சாவி விடுபட்டதுதான் காரணம் என்று ஆப்பிளே சொல்லி, திருத்தம் வெளியிட்டது. 2019 ஆகஸ்டில் சர்ஃபேஸ் ப்ரோ 6, சர்ஃபேஸ் புக் 2 இரண்டும் 400 மெகாஹெர்ட்ஸில் பூட்டிக்கொண்டன. ஃபர்ம்வேர் வழியாகத் திருத்துவதாக மைக்ரோசாஃப்ட் கூறியது.

த்ராட்டில்ஸ்டாப்: சோதனைக்கு, மருந்துக்கு அல்ல

இன்டெல் ப்ராசசர் என்றால் த்ராட்டில்ஸ்டாப் என்ற சிறு மென்பொருளின் முகப்பிலேயே பிடி ப்ராக்ஹாட் என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். அந்த டிக்கை எடுத்த நொடியில் 0.39 என்பது 3 கிகாஹெர்ட்ஸாக எகிறினால் சந்தேகம் தீர்ந்தது: வெளியே இருந்து யாரோ கம்பியை இழுக்கிறார்கள். லிமிட்ஸ் பட்டனை அழுத்தினால் வரும் சாளரத்தில் ப்ராக்ஹாட், தெர்மல் (வெப்பம்), பிஎல்1, பிஎல்2 (வாட் வரம்புகள்), விஆர் (விஆர்எம் பகுதி) என்று காரணங்கள் வரிசையாக இருக்கும். சிவப்பு என்றால் இந்த நொடியில் தடுக்கிறது. மஞ்சள் என்றால் முன்பு தடுத்தது. பெட்டியில் கை வைக்காமல் பார்க்க மட்டும் வேண்டும் என்றால் எச்டபிள்யூஇன்ஃபோவின் பெர்ஃபார்மன்ஸ் லிமிட் ரீசன்ஸ் வரிகள் போதும்.

டிக்கை எடுத்தாலும் ப்ராசசரின் சொந்த வெப்பப் பாதுகாப்பு அப்படியே இருக்கும். 100 டிகிரியை எட்டினால் தானே குறைத்துக்கொள்ளும். ஆபத்து ப்ராசசருக்கு அல்ல, கம்பியை இழுத்தவருக்கு. விஆர்எம் பகுதி உண்மையிலேயே கொதித்து உதவி கேட்டிருந்தால், அதன் வாயை அடைத்ததும் அங்கே மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் ஒன்று வெடிக்கலாம். பிறகு போர்டே போய்விடும். சிறிய சார்ஜரில் இதைச் செய்தால் சார்ஜர் சூடேறிக் கட்டாகும். சார்ஜரின் வாட் சரி, ஊசி ஒயர் மட்டும் அறுந்திருக்கிறது, வெப்பம் எல்லாம் ஒழுங்கு என்று உறுதியாகத் தெரிந்தால், புதுச் சார்ஜர் வரும்வரை சமாளிக்க இதை வைத்துக்கொள்ளலாம். தூங்கி எழுந்தாலோ ரீஸ்டார்ட் செய்தாலோ டிக் பழையபடி வந்துவிடக்கூடும். இந்த மென்பொருள் ப்ராசசரின் ஆழத்தில் எழுதும் டிரைவரோடு வருவதால் விண்டோஸ் பாதுகாப்பு சில பதிப்புகளைத் தடுக்கும். அதற்காகப் பாதுகாப்பை நிரந்தரமாக அணைத்து வைப்பது நல்ல பேரம் அல்ல.

ஏஎம்டி ரைசனில் இந்தப் பெட்டி இல்லை. அங்கே எச்டபிள்யூஇன்ஃபோவில் தெர்மல் த்ராட்டிலிங் என்று தொடங்கும் மூன்று வரிகள் இருக்கும். ப்ராக்ஹாட் இஎக்ஸ்டி என்ற வரியில் 'யெஸ்' என்றால் அதே வெளிக் கம்பிதான். சார்ஜர், பேட்டரி, 30 நொடிப் பட்டன், பயாஸ் என்று அதே வரிசையில் போக வேண்டும்.

இத்தனைக்கும் மசியாவிட்டால் போர்டு வேலை. போர்டின் மின்சுற்று வரைபடமான ஸ்கெமாட்டிக்கில் எச் ப்ராக்ஹாட் என்ற பெயரில் அந்தக் கம்பி இருக்கும். சும்மா இருக்கும்போது சுமார் 1 வோல்ட். இழுக்கப்பட்டால் பூஜ்யத்துக்கு அருகே. விஆர்எம் கன்ட்ரோலர், சார்ஜிங் ஐசி, இசி என்று ஒவ்வொருவரின் ரெசிஸ்டரையும் ஒவ்வொன்றாகத் தூக்கினால் யாரைத் தூக்கியபோது வோல்ட் திரும்புகிறதோ அந்தப் பக்கம் கோளாறு. தண்ணீர் பட்ட லேப்டாப்பில் ஐசி கெட்டிருப்பதைவிட, விஆர்எம் அருகே வெப்பத்தை அளக்கும் தெர்மிஸ்டர் அரித்துப்போய் இல்லாத சூட்டைச் சொல்வதற்கே வாய்ப்பு அதிகம். முதலில் அந்த இடத்தைச் சுத்தம் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: பேஸ் ஸ்பீடைத் தாண்டவே மாட்டேன் என்கிறது

2.4 பேஸ், சுமையிலும் 2.4 அல்லது 2.3. டர்போ, அதாவது பேஸுக்கு மேலே ஏறும் வசதி, வேலை செய்யவில்லை. வன்பொருள் கோளாறாக இருப்பது அரிது.

கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று போய் ப்ராசசர் பவர் மேனேஜ்மென்ட்டில் மேக்ஸிமம் ப்ராசசர் ஸ்டேட் பாருங்கள். 99 என்று இருந்தால் டர்போ அணைந்துவிடும், 100 ஆக்குங்கள். 'சூடு குறைய 99 வை' என்ற யோசனை வீடியோக்களில் பரவலாகச் சுற்றுகிறது, வைத்தவர் ஆறு மாதத்தில் மறந்துவிடுகிறார். பேட்டரிக்கும் சார்ஜருக்கும் தனித்தனி எண் என்பதால் இரண்டையும் பாருங்கள். மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற புதுவகை ஸ்லீப் முறை உள்ள புது லேப்டாப்புகளில் இந்தப் பகுதியே கண்ணில் படாது. அங்கே செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் வழியாகப் போய் பவர் மோடை பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் ஆக்கிப் பாருங்கள். எனர்ஜி சேவர் தானாக இயங்கும் வரம்பையும் அங்கேயே பார்க்கலாம்.

அடுத்து தயாரிப்பாளரின் அமைதி முறை. லெனோவோவில் எஃப்என் உடன் க்யூ, அசூஸில் பல மாடல்களில் எஃப்என் உடன் எஃப்5. தெரியாமல் கை பட்டு மாறியிருக்கும். டெல்லில் அதன் சொந்த மென்பொருளில் க்வயட் என்று இருக்கலாம். கடைசியாக பயாஸில் டர்போ பூஸ்ட், ஸ்பீட்ஸ்டெப் இரண்டும் எனேபிள்டு தானா என்று பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: முதல் அரை நிமிடம் பறக்கிறது, பிறகு விழுகிறது

குறித்துவைத்த நான்கு எண்கள் இங்கேதான் உதவும். 15 வாட் வகை யு வரிசை ப்ராசசர், சுமை தொடங்கியதும் 25, 30 வாட் இழுத்து, 28 நொடி போலத் தாக்குப்பிடித்து, பிறகு பேக்கேஜ் பவர் சரியாக 15-ல் நின்று, வெப்பம் 70 டிகிரியில் இருந்தால் அது கோளாறே இல்லை. பிஎல்1 என்ற நீண்ட நேர வரம்பு அப்படித்தான் வைக்கப்பட்டிருக்கிறது. ப்ராசசர் மேல் தடவும் வெப்பம் கடத்தும் பேஸ்டை மாற்றினாலும் ஃபேன் மாற்றினாலும் அந்த 15 மாறாது.

வெப்பம் 95, 100 என்று முட்டிக்கொண்டு நின்று, வாட் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் குளிர்ச்சிக் கோளாறு. மே மாத அறையில் 38 டிகிரி என்பதையும் கணக்கில் சேருங்கள். ப்ராசசரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்க், அறைக் காற்றைவிட இத்தனை டிகிரி மேலே என்றுதான் வேலை செய்கிறது. 25 டிகிரி அறையில் 87-ல் நின்ற லேப்டாப் அதே சுமையில் 38 டிகிரி அறையில் 100-ஐ முட்டும். மெத்தைமேல் வைத்து அடிக்காற்றை அடைத்துவிட்டு மற்றதைக் குறை சொல்ல வேண்டாம்.

சுத்தம் செய்வதில் எல்லோரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. தூசி ஃபேன் இறக்கையில் இருப்பது கொஞ்சம்தான். ஃபேனுக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலமாக அடைந்திருக்கும். வெளித்துவாரத்திலிருந்து ஊதினால் அது உள்ளேயே இடம் மாறி உட்காரும். அடிமூடியைத் திறந்து, முதல் வேலையாகப் பேட்டரி கனெக்டரைக் கழற்றி, ஃபேனின் ஸ்க்ரூக்களை எடுத்து ஃபேனைத் தூக்கினால்தான் அந்தப் படலம் கைக்கு வரும். ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும்.

பேஸ்ட் மாற்றும்போது ஹீட் சிங்க்கில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருப்பார்கள். கழற்றுவது 4-லிருந்து, மாட்டுவது 1-லிருந்து, ஒவ்வொன்றையும் பாதிப் பாதியாக. பழையதை 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். லேப்டாப் சிப்பின் மேல் டெஸ்க்டாப் போல உலோக மூடி கிடையாது. நடுவில் பொட்டு வைத்து விட்டுவிட்டால் மூலைகள் காய்ந்து நிற்கும். கண்ணாடி போன்ற அந்தச் செவ்வகம் முழுக்க மெல்லியதாகப் பரப்புங்கள். பக்கத்தில் இருக்கும் தெர்மல் பேட்களைக் கிழிக்காமல் வையுங்கள். 1 மில்லிமீட்டர் பேட் இருந்த இடத்தில் 1.5 போட்டால் ஹீட் சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, முன்பைவிட மோசமாகும். பழைய பேஸ்ட் பாதரசம் போலப் பளபளத்தால் அது லிக்விட் மெட்டல், மின்சாரம் கடத்தும். அனுபவம் இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள்.

பேஸ்ட் புதிது, ஃபேன் சுற்றுகிறது, ஆனாலும் சுமை தொடங்கிய இரண்டாவது நொடியில் 100 டிகிரி. வெளியே வரும் காற்றோ குளிர்ந்திருக்கிறது. வெப்பம் தகடுகளுக்குப் போய்ச் சேரவே இல்லை என்று பொருள். ஹீட் சிங்க் சரியாக உட்காரவில்லை, அல்லது ஹீட் பைப் செத்துவிட்டது. செத்த ஹீட் பைப்பைப் பழுது பார்க்க முடியாது. ஹீட் சிங்க்கையே மாற்ற வேண்டும்.

ப்ராசசர் 75 டிகிரிதான், ஆனாலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வேகம் தொபுக்கென்று விழுந்து மீள்கிறது என்றால் லிமிட்ஸ் சாளரத்தில் விஆர் வரிகளைப் பாருங்கள். மின்சாரப் பகுதியின் மேல் இருக்க வேண்டிய பேட், முந்தைய சர்வீஸில் எடுத்துத் திரும்ப வைக்கப்படாமல் போயிருக்கலாம்.

அறிகுறி: தூங்கி எழுந்த பிறகு மட்டும்

மூடி திறந்ததும் 0.39, ரீஸ்டார்ட் செய்தால் சரி. பெரும்பாலும் பயாஸ் பிழை, புதுப்பிப்பதுதான் மருந்து. அதுவரை ஸ்லீப்புக்குப் பதில் ஹைபர்னேட் வைத்துக்கொள்ளலாம். சார்ஜரைச் செருகியபடியே தூங்கினால் மட்டும் வருகிறதா என்பதையும் பாருங்கள்; அப்படியானால் எழும் நொடியில் சார்ஜர் அடையாளத்தைப் படிக்கத் தவறுகிறது. பிடுங்கிச் செருகினால் சரியாகிவிடும்.

அறிகுறி: வேகம் 3 கிகாஹெர்ட்ஸ் காட்டுகிறது, ஆனால் எல்லாம் மந்தம்

டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் இருக்கிறதா, மெமரி நிரம்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது அல்ல. இரண்டும் இல்லை என்றால் எச்டபிள்யூஇன்ஃபோவில் எஃபெக்டிவ் கிளாக் வரியைப் பாருங்கள். முழுச் சுமையில் வெறும் கிளாக் 3000 என்றும் எஃபெக்டிவ் 400 என்றும் இருந்தால் கிளாக் மாடுலேஷன் நடக்கிறது. பெருக்கியைக் குறைக்காமல், எட்டுத் துடிப்பில் ஒன்றை மட்டும் வேலைக்கு விட்டு மற்றதைத் தவறவிடும் பழைய முறை அது. த்ராட்டில்ஸ்டாப்பில் கிளாக் மாடுலேஷனுக்கான பத்தியில் 100-க்குக் கீழே 12.5 போன்ற எண் தெரியும். சார்ஜர், இசி என்று காரணங்கள் மேலே சொன்னவையே.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

சிபியுபவர் கட்டளையின் ஃப்ரீக்வன்சி-இன்ஃபோ, மேல் வரம்பு எத்தனை என்று சொல்லும். வரம்பு தாழ்ந்திருந்தால், மின்சாரச் சிக்கனத்தைக் கவனிக்கும் டிஎல்பி அல்லது பவர்-ப்ரொஃபைல்ஸ்-டீமன் நிரலின் அமைப்பைப் பாருங்கள். இரண்டையும் ஒன்றாக ஓட்டினால் ஒன்றை ஒன்று மாற்றி எழுதும். இன்டெல் பி-ஸ்டேட் அடைவில் நோ டர்போ கோப்பு 0 என்று இருக்க வேண்டும். வரம்பு சரியாக இருந்தும் 400-ல் நின்றால் ப்ராக்ஹாட்தான்: எம்எஸ்ஆர் 1எஃப்சி என்ற ரெஜிஸ்டரைப் படித்து, கடைசி பிட் 1 என்றால் 0 ஆக்கி எழுதுவது த்ராட்டில்ஸ்டாப்பின் டிக்கை எடுப்பதற்குச் சமம். செக்யூர் பூட் ஆனில் இருந்தால் எழுத விடாது. 2018 தலைமுறை திங்க்பேட் டி480எஸ், எக்ஸ்1 கார்பன் 6 இரண்டும் லினக்ஸில் 80 டிகிரியிலேயே வேகத்தைக் குறைத்தன. அதற்கென்றே த்ராட்டில்ட் என்ற சிறு நிரல் எழுதப்பட்டது.

சரியாகிவிட்டதாகத் தோன்றிய பிறகு

7-ஜிப் பெஞ்ச்மார்க்கை 10 நிமிடம் ஓட விட்டு, நடுவில் இரண்டு முறை சார்ஜரைப் பிடுங்கிச் செருகுங்கள். ஒருமுறை தூங்க வைத்து எழுப்புங்கள். ஒரு நாள் கழித்து ஈவென்ட் வியூவரில் 37-ஐ மறுபடி தேடுங்கள். த்ராட்டில்ஸ்டாப்பில் டிக்கை எடுத்து வைத்திருந்தால், புதுச் சார்ஜர் வந்ததும் மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள்.